கலர் பென்சிலும் ஊர்க்கதையும்: வண்ணம் தீட்டத் தொடங்கும் பெரியவர்களுக்கு

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய வாரம், அவளுடைய மேசை இழுப்பறையில் பாதி தேய்ந்த கலர் பென்சில்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. பழைய பேப்பரோடு போட்டுவிடலாம் என்று எடுத்தேன். டப்பாவுக்கு அடியில் கோடு மட்டும் போட்ட மயில் படம் ஒன்று இருந்தது. சும்மா கழுத்துக்குக் கொஞ்சம் நீலம் கொடுத்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தவள், நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. வராந்தாவில் இருந்த என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணு, இது பீஸ் ரேட்டா, ஷிப்டா?”

துண்டுக்கு இவ்வளவு என்று கூலியா, ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்றா என்று கேட்கிறார். திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது வெறும் கேலி இல்லை என்று தெரியும். பிசிர் வெட்டினாலும் சரி, பட்டன் வைத்தாலும் சரி, இங்கே கை அசைந்தால் அதற்குக் கூலி உண்டு. கூலி இல்லையென்றால் அது வீட்டு வேலையாக இருக்க வேண்டும். இரண்டிலும் சேராமல் வயது வந்த பெண் ஒருத்தி குனிந்து உட்கார்ந்து மயிலுக்கு நீலம் பூசினால் பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான். நானும் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நாள் முழுக்கக் கலரோடு மல்லுக்கட்டுகிறவள். ஆனால் அந்தக் கலருக்கெல்லாம் ஷிப்மென்ட் தேதி உண்டு. மயில் கழுத்துக்கு அது கிடையாது. என்னை இழுத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தோடு கலர் பென்சிலை மறந்தவர்கள் மறுபடி எப்படித் தொடங்குவது, அதைத் தனியாக மட்டுமல்லாமல் நாலு பேரோடு உட்கார்ந்து எப்படிச் செய்வது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வரையத் தெரிய வேண்டியதில்லை. கோடு ஏற்கெனவே போட்டிருக்கும். நாம் நிரப்பப்போகிறோம், அவ்வளவுதான்.

இதில் மனம் அமைதியாகிறது என்கிறார்களே, உண்மையா? 2005-ல் அமெரிக்காவில் கரி, காஸர் என்ற இரு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை முதலில் கொஞ்சம் பதற்றப்பட வைத்து, அப்புறம் 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். சிலருக்கு வட்டமான மண்டலப் படம், சிலருக்குக் கட்டம் போட்ட டிசைன், சிலருக்கு வெறும் வெள்ளைத்தாள். மண்டலமும் கட்டமும் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது, வெள்ளைத்தாள்காரர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. 2012-ல் வேறு இருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மண்டலம் மட்டும் தேறியது. கட்டம் வெள்ளைத்தாளைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சென்னிமலைப் போர்வையில் கட்டங்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். போகட்டும். ‘என்ன வரைவது’ என்ற முடிவைப் படமே எடுத்துவிட்டால் மூளைக்குப் பாதிச் சுமை குறைகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இது பொழுதுபோக்கு, வைத்தியம் அல்ல. தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு மனம் நாள்கணக்கில் இருண்டு கிடந்தால் டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். கலர் பென்சில் அப்புறம் இருக்கட்டும்.

முதலில் கடைக்கு

24 பென்சில் உள்ள டப்பா ஒன்று போதும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது 72 பென்சில் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஏமாந்ததால். டப்பா பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருந்தது. சீவச் சீவ முனை கழன்று விழுந்துகொண்டே இருந்தது. வரும் வழியில் எங்கோ கீழே போட்டிருப்பார்கள் போல. கட்டை அப்படியே இருக்க, உள்ளே குச்சி துண்டு துண்டாக உடைந்திருந்தது. கலர் பென்சிலைத் தரையில் போட்டால் இதுதான் ஆகும். அதனால் நேரில் கடைக்குப் போய் வாங்குவதே நல்லது. கேம்லின், டோம்ஸ், ஃபேபர் காஸ்டல் எல்லாம் சின்ன ஊர் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். ஓவியர்கள் பயன்படுத்தும் விலை கூடிய பென்சிலை முதல் நாளே வாங்க வேண்டாம். கை பழகி, எந்தக் கலர் சீக்கிரம் தீர்கிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றை மட்டும் நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்கெட்ச் பேனா வேண்டாமா என்று கேட்பார்கள். அது பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் இரண்டு தடவை ஓட்டினால் காகிதம் நனைந்து திரிதிரியாக எழும்பும். மட்டமான பனியன் துணியில் நாலு துவைப்பில் பில்லிங், அதாவது குட்டிக் குட்டி நூல் உருண்டை, வருமே, அதே கதைதான். ஸ்பிரிட் வாசம் வருகிற மார்க்கர் இன்னும் மோசம், அடுத்த பக்கத்துக்கே இறங்கிவிடும். தொடக்கத்துக்குப் பென்சில்தான். நல்ல இரும்பு ஷார்ப்னர் ஒன்று, சீவல் போட ஒரு பழைய சம்படம், துடைக்கக் கொஞ்சம் பனியன் வேஸ்ட் துணி. இந்தக் கடைசிச் சாமானுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை.

காகிதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜிஎஸ்எம் என்றால் என்னவென்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் என்றால் விரலில் தடவியே சொல்லிவிடுவோம். காகிதத்துக்கும் அதே கணக்கு. ஜெராக்ஸ் கடையில் போடும் சாதாரணத் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். கலர் பென்சிலை நாலு பூச்சு பூசினால் அது தாங்காது, வழவழத்துப்போகும். 120-க்கு மேல் கேளுங்கள். ‘திக் பேப்பர்’ என்று சொல்லி எந்தத் தாளையாவது தள்ளிவிடுவதும் நடக்கும், அதனால் கட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கனமாக இருக்கிறதே என்று பளபளப்பான தாளை வாங்கிவிடாதீர்கள், பென்சில் அதில் வழுக்கும். தடவினால் மெல்லிய சொரசொரப்பு தெரிய வேண்டும். கலர் பிடித்து நிற்பது அந்தச் சொரசொரப்பில்தான்.

இடையில் ஒரு பெருமை. காகிதம் கொங்குச் சீமைக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. கரூர் பக்கம் புகளூரில் 1979-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிறது. பள்ளிபாளையத்தில் காவிரிக்கரையில் அதைவிட மூத்த காகித ஆலை ஒன்று இருக்கிறது. நாம் பூசப்போகும் தாள் ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கரும்புக்காட்டில் நின்றதாகவும் இருக்கலாம்.

படம் எங்கே கிடைக்கும்

ஜூலையில் கோவை கொடிசியா புத்தகக் கண்காட்சி, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. இரண்டிலும் பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். புரட்டும்போது நுணுக்கமான படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கொசுவலை மாதிரி நெருக்கமான படத்தில் முதல் முறை உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் கண் எரியும், பதினைந்தாவது நிமிடம் புத்தகம் பரணுக்குப் போய்விடும். கட்டை விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்ட படமே முதலில் நல்லது.

காசில்லாமலும் கிடைக்கும். நியூயார்க் மருத்துவ அகாடமியின் நூலகம் 2016-ல் ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் உலகின் பல நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தங்களிடமுள்ள பழைய செடி, விலங்கு, வரைபடப் படங்களை வண்ணம் தீட்டும் தாள்களாக இலவசமாக வெளியிடுகின்றன. ‘கலர் அவர் கலெக்‌ஷன்ஸ்’ என்று தேடினால் வரும். ஒருவர் வாங்கிய புத்தகத்தை முழுசாக ஜெராக்ஸ் எடுத்துத் தெருவுக்கே கொடுப்பது மட்டும் வேண்டாம். படம் போட்டவருக்குச் சேர வேண்டிய காசு அது.

என்னைக் கேட்டால் முதல் படத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்பேன். மார்கழியில் வாசலில் போடுவதுதான். 7 புள்ளி, 4-ல் நிறுத்தவும், ஊடுபுள்ளி. அதாவது நடுவரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ., வரிசைக்கு வரிசை 1.7 செ.மீ. விட்டால் ஏ4 தாளில் அழகாக உட்காரும். இப்போது ஸ்கேல் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அதன் பக்கத்துப் புள்ளிகளோடெல்லாம் இணையுங்கள். 54 முக்கோணங்கள் கிடைக்கும். நடுப்புள்ளியைச் சுற்றி 6 முக்கோணம், அவற்றின் வெளிவிளிம்பில் ஒட்டிக்கொண்டு இன்னொரு 6. இந்த 12-ஐ மட்டும் ஒரே கலரில் நிரப்பினால் ஆறு முனை நட்சத்திரம் எழுந்து நிற்கும். மீதி 42-ஐ என்ன செய்வது என்பது உங்கள் பாடு. நான் இதையே ஆறேழு முறை போட்டிருக்கிறேன், ஒன்று மாதிரி இன்னொன்று வந்ததில்லை.

ஒரே ஒரு இதழ்

நுட்பம் என்று தனித்தனியாகப் பாடம் நடத்துவதைவிட ஒரு பூவின் ஒரே இதழைச் சேர்ந்து பூசிப் பார்ப்போம். செங்காந்தளை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பாடத்தில் படித்தோம், ஆனால் மூலனூர், தாராபுரம் பக்கத்துக் காடுகளில் அதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பேர். மருந்துக்கு விற்கும் விதைக்காகப் பந்தல் போட்டு ஏற்றியிருப்பார்கள். பூக்கும் காலத்தில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் காடே தீப்பிடித்த மாதிரி தெரியும். மொட்டு விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆக நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். கடைசியில் ஒரே சிவப்பு. நெளிநெளியாக ஆறு இதழ். நாம் பூசப்போவது நடுப்பருவத்து இதழ், அடி மஞ்சளும் நுனி சிவப்பும். (படத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செடி முழுக்க விஷம். ஆசைப்பட்டுப் பூவைப் பறித்துக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.)

ஒன்று: பென்சிலை எழுதுவது போல நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடியுங்கள், சாய்த்துப் பிடியுங்கள். இளமஞ்சளால் இதழ் முழுக்கத் தடவுங்கள். காகிதத்தின் வெள்ளை இன்னும் தெரிய வேண்டும். அவ்வளவு லேசாக.

இரண்டு: அடர்மஞ்சளை இதழின் அடியிலிருந்து மேலே கொண்டுபோங்கள். பாதியைத் தாண்டியதும் கையைத் தளர்த்திக்கொண்டே வந்து, எங்கே நின்றது என்று தெரியாமல் விட்டுவிடுங்கள். கோடு போட்டு நிறுத்தினால் அங்கே வரப்பு கட்டிய மாதிரி ஆகிவிடும்.

மூன்று: ஆரஞ்சு. இதழின் நடுவில் ஒரு பட்டை, மேலும் கீழும் மஞ்சளுக்குள் கொஞ்சம் கொஞ்சம் புகட்டும்.

நான்கு: சிவப்பை நுனியில் தொடங்கிக் கீழே இழுங்கள், ஆரஞ்சுக்குள் கரைந்து போகும்வரை. நெளிந்த ஓரங்களில் மட்டும் ஒரு மெல்லிய இழை மஞ்சளை விட்டுவையுங்கள். பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மஞ்சள் ஓரம் இல்லாவிட்டால் அது செம்பருத்தியாகிவிடும்.

ஐந்து: மறுபடி அதே இளமஞ்சளை எடுங்கள். இந்த முறை கொஞ்சம் அழுத்தி, அடியிலிருந்து நுனிவரை மொத்தத்தையும் தேயுங்கள். இதுவரை பொடிப்பொடியாக நின்ற கலரெல்லாம் ஒன்றோடொன்று உருகிச் சேர்வதைப் பார்ப்பீர்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் சத்தமாகவே “அட” என்றேன்.

இந்த ஒரு இதழுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான்: முதல் பூச்சிலேயே அழுத்திவிடுவது. அழுத்தினால் காகிதத்தின் சொரசொரப்பு அடைந்துபோகும், அதற்கு மேல் எந்தக் கலரும் ஏறாது. அழுத்தம் கூடிவிட்டால் ரப்பரால் அழித்து இழுவிவிடாதீர்கள். ஒட்டு டேப்பை அந்த இடத்தில் மெதுவாக ஒற்றி எடுத்தால் கொஞ்சம் கலர் டேப்போடு வந்துவிடும். மெழுகு கலந்த பென்சிலை அடர்த்தியாகப் பூசினால் சில நாளில் மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். பூஞ்சை இல்லை, மெழுகுதான். வேஸ்ட் துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும்.

எந்தக் கலரோடு எந்தக் கலர்

கலர் சக்கரம், எதிர்நிறம், அடுத்தநிறம் என்று படிப்பதற்கு நிறைய இருக்கிறது. பீரோவைத் திறந்தாலும் அதே பாடம்தான். ராமர் பச்சைக்கு ஏன் அரக்கு பார்டர் எடுக்கிறது? பச்சையும் சிவப்பும் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை, ஒன்று மற்றதைத் தூக்கிக் காட்டும். மாம்பழ மஞ்சளுக்கு ஏன் கத்தரிப்பூக் கலர்? அதே நியாயம். எனக்குக் கலர் ஓடாத நாளில் அம்மாவின் பழைய சேலை ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன். உடல், பார்டர், முந்தி என்று மூன்று கலர் கிடைத்துவிடும், படத்துக்கு அது போதும்.

மயில்கழுத்துக் கலரை எடுத்துப் பாருங்கள். அந்தச் சேலையில் மயில்கழுத்து என்று ஒரு நூலே கிடையாது. பாவில் ஒரு கலர், ஊடையில் இன்னொரு கலர், பெரும்பாலும் நீலமும் பச்சையும். இரண்டும் கண்ணுக்குள் கலந்து மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. பென்சிலிலும் அப்படியே செய்யலாம். நீலத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு பூச்சு, பச்சையை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து இன்னொரு பூச்சு. 24 பென்சில் போதும் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, தொழிலில் அடிபட்டுக் கற்றது. எங்கள் கம்பெனியில் சாயப்பட்டறையிலிருந்து ஷேடு வந்தால் லைட் பாக்ஸில், அதாவது வேறு வேறு வெளிச்சம் போட்டுப் பார்க்கும் பெட்டியில், வைத்துத்தான் பார்ப்போம். டி65 என்பது பகல் வெளிச்சம், டிஎல்84 என்பது கடை வெளிச்சம். ஒன்றில் அச்சு அசலாகப் பொருந்திய இரண்டு துணி மற்றதில் வேறு வேறாகத் தெரியும். ராத்திரி மஞ்சள் பல்புக்கு அடியில் கலர் தேர்ந்தெடுத்துவிட்டு வெடியால பார்த்து நொந்துகொள்ளாதீர்கள். கலரைப் பகலில் தேர்ந்தெடுத்து ஓரத்தில் துளி துளியாகப் பூசி வைத்துக்கொண்டால், ராத்திரி சும்மா நிரப்பிக்கொண்டு போகலாம்.

கழுத்துவலி வரும். பரீட்சை அட்டையை மடியில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள், வெள்ளெழுத்துக் கண்ணாடி இருந்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு பேர் சேர்ந்தால்

சின்ன வயதில் லீவுக்கு அம்மிச்சி ஊருக்குப் போனால் விதைக்குக் கடலைக்காய் உடைப்பார்கள். வளவில் இருக்கிற பெண்கள் எல்லோரும் ஒரு குவியலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கண் கடலையில் இருக்கும். அந்த நேரத்தில்தான் எல்லாப் பேச்சும் வெளியே வரும். யாருக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்தார்கள், யார் வீட்டுக் கிணறு வற்றியது, நங்கைக்கும் இவளுக்கும் ஏன் பேச்சில்லை, எல்லாம். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்து ‘பேசுங்கள்’ என்றால் அதில் கால்வாசிகூட வராது. கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும். இப்போது கடலை உடைக்க மெஷின் வந்துவிட்டது, நாங்களும் அப்பார்ட்மென்டுக்கு வந்துவிட்டோம். வண்ணம் தீட்டுவதை நாலு பேரோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கடலைக் குவியலை நினைத்துத்தான்.

எப்படிக் கூட்டுவது? ஊரைக் கூட்ட வேண்டாம், நாலு பேர் போதும். எட்டைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். நாங்கள் ஆறு பேர். சனிக்கிழமை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடித்துவிடுவோம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். இடத்துக்குத் தடபுடல் வேண்டாம். ஒரு பவானி ஜமுக்காளம், ஆளுக்கொரு அட்டை, சுவரில் சாய முடியாதவர்களுக்கு இரண்டு நாற்காலி.

முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே படத்தைக் கொடுங்கள். எதை எடுப்பது என்று பத்து நிமிடம் கழியாது. அதைவிட, ஒரே கிளி ஆறு பேர் கையில் ஆறு ஜாதியாக வருவதைப் பார்த்துச் சிரித்தே கூச்சம் போய்விடும். அடுத்த வாரத்திலிருந்து அவரவர் இஷ்டம்.

பென்சிலை ஆளுக்கொரு பெரிய செட் வாங்கவிடாதீர்கள். இருப்பதை நடுவில் கொட்டிப் பொதுவில் வையுங்கள். பற்றாக்குறையில் ஒரு லாபம் இருக்கிறது. “அக்கா, அந்த அரக்கு சித்த இங்க தள்ளுங்க” என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும். எல்லாம் எல்லோரிடமும் இருந்தால் ஆறு பேரும் பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். முதல் கூட்டத்தில் எங்களுக்கு அதுதான் நடந்தது.

பரிசு வேண்டாம், மார்க் வேண்டாம். ‘யாருடையது நன்றாக இருக்கிறது’ என்ற கேள்வியை யாராவது எடுத்தால் டீ எடுத்துவரப் போய்விடுங்கள். அப்புறம் போன். எங்களில் ஒருவர் எல்லோர் படத்தையும் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார், நல்ல மனசோடுதான். இன்னொருவர் வீட்டில் அதைப் பார்த்து, “யூகேஜி எப்போ முடிக்கிறே?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அக்கா இரண்டு வாரம் வரவில்லை. அதற்குப் பிறகு, வரைந்தவரைக் கேட்காமல் படம் வெளியே போகக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

தீனியை 5 மணிக்கு, பென்சிலை ஓரம்கட்டிவிட்டு. முறுக்கு சாப்பிட்ட விரல் பட்டால் தாளில் எண்ணெய் இறங்கி அந்த இடத்தில் கலரே பிடிக்காது. பொரிகடலைதான் இந்த வேலைக்கு ஏற்ற பண்டம்.

ஆண்கள் வருவார்களா? எங்கள் ஆறாவது ஆள் ஒரு மாமா. ரிட்டயர் ஆனவர். மனைவியைக் கொண்டுவந்து விட வந்தவர், வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்தார். ஸ்கேல் வைத்துத்தான் கலர் அடிப்பார், ஒரு கோட்டைத் தாண்டிப் போனதில்லை. இப்போது அவர்தான் எல்லோருக்கும் பென்சில் சீவிக் கொடுக்கிறார்.

அந்தக் கூட்டத்தில் மூன்று வாரமாக ஒரு பெண் வாயே திறக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பிள்ளை. நாலாவது வாரம் வயல் படம் ஒன்று. நெல்லுக்கு எந்தப் பச்சை என்று எங்களுக்குள் வாக்குவாதம். சோளமும் கடலையும் பார்த்து வளர்ந்த நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். அவள் தலை நிமிராமலே, “எந்த மாசத்து நெல்லுங்கக்கா?” என்றாள். நாற்றங்காலுக்கு ஒரு பச்சையாம், நட்டுப் பத்து நாள் வெளிறிக் கிடக்கும்போது ஒன்று, வேர் பிடித்த பிறகு கருகருவென்று ஒன்று, கதிர் வந்ததும் மஞ்சள் ஓடிய ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பென்சிலை எடுத்து வரிசையாக வைத்தாள். 6 மணி ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

குழு பழகிய பிறகு சேர்ந்து செய்ய ஒன்று சொல்கிறேன். முன்பு சொன்ன 54 முக்கோணக் கோலத்தைப் பெரிய சார்ட் பேப்பரில் போடுங்கள். புள்ளிக்குப் புள்ளி 8 செ.மீ., வரிசைக்கு வரிசை 7 செ.மீ. நடுப்புள்ளி வழியாக ஓடும் மூன்று நீளக் கோடுகளில் வெட்டினால் ஆறு பெரிய முக்கோணம், ஒவ்வொன்றிலும் 9 சின்ன முக்கோணம். ஆளுக்கு ஒன்று. யாரும் யாருக்கும் கலரைச் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசிவிட்டு அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து பின்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். சண்டை போடுகிற கலரெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். எங்களுடையதில் மாமாவின் சாம்பல் கலருக்கு அடுத்து ரோஸ் வந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு அதைத்தான் வரவேற்பறைச் சுவரில் மாட்டினோம்.

அம்மிச்சி மட்டும் நெடுநாள் இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு பொழுதோட நான் காங்கேயம் மாடும் கன்றும் இருந்த படத்துக்குச் சாம்பல் பூசிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தவர், “இதென்ன எருமைக்கன்னா?” என்றார். கன்றையும் தாயைப் போலவே சாம்பலாக்கியிருந்தேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவந்துதான் இருக்கும், ஆறு மாதம் போனால்தான் சாம்பலுக்கு, அவர் சொல்லில் மயிலைக்கு, மாறும், இதுகூடத் தெரியாதா என்று திட்டினார். புதுத் தாள் எடுத்துக் கொடுத்தேன்.

கன்றுக்கு லேசான செம்பழுப்பு. தாய்க்கு முதலில் சாம்பலை எடுக்கவே இல்லை. இளம்பழுப்பை மெலிசாகத் தடவி, அதன் மேல் சாம்பல், கழுத்திலும் காலிலும் மட்டும் துளி கறுப்பு. யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை லேசாக ஓடியது. கடைசியில் கண்ணைச் சுற்றி மை இட்ட மாதிரி ஒரு கறுப்பு வளையம். “இதுதாங்கண்ணு மயிலை” என்றார்.

பென்சிலை டப்பாவில் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“சரி, ஒரு பீஸ் ஆச்சு. கூலிய எடு.”

டீ போட எழுந்தேன்.